ஆக்டோ ஃபேன் கன்ட்ரோலர்: வாட்டர் கூலிங் லூப்புக்கு எட்டு சேனல் வேணுமா?

முதல்லயே சொல்லிடறேன், கம்ப்யூட்டர் ஃபேன் வேகத்த பாத்துக்கற இந்த ஆக்டோ பொட்டிய நான் ஆசைப்பட்டு வாங்கல, எரிச்சல்ல வாங்கினேன். லூப் (சிப்போட சூட்ட தண்ணில ஏத்தி ரேடியேட்டர்ல ஆத்தற குழாய் சுத்து) போட்டு முடிச்சு, தண்ணி ஊத்தி, எங்கயாவது கசியுதான்னு ராத்திரி முழுக்க ஒவ்வொரு ஃபிட்டிங் கீழயும் டிஷ்யூ பேப்பர் வச்சு பாத்து, எல்லாம் சரியா இருக்குன்னு சந்தோஷமா உக்காந்தா, பிரவுசர்ல ஒரு டேப் திறந்தா போதும் ஆறு ஃபேனும் சேந்து "ஊஊஊ"ன்னு எகிறும், மூணு செகண்ட்ல அடங்கும், அடுத்த டேப்புக்கு மறுபடி எகிறும். பக்கத்து ரூம்ல இருந்து "என்ன அது, யாருக்கோ மூச்சு வாங்குற மாதிரி இருக்கு"ன்னு குரல் வருது. சத்தமே வரக்கூடாதுன்னு தான் இவ்ளோ மெனக்கெட்டு தண்ணிக்கு மாறினேன், கடைசில சிபியு மேல இருந்த பழைய ஏர் கூலரே தேவலன்னு ஆயிடுச்சு.

தப்பு ஃபேன் மேலயும் இல்ல ரேடியேட்டர் மேலயும் இல்ல, என் மேல தான். எல்லா ஃபேனையும் மதர்போர்டுல சொருகிட்டு பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங் பக்கம்) இருந்த கர்வ, அதாவது எவ்ளோ சூட்டுக்கு எவ்ளோ வேகம்ங்கற கணக்க, அப்படியே விட்டுட்டேன், அது சிபியு சூட்ட பாத்து ஓடற கர்வ். சிப்போட சூடு ஒரு செகண்டுக்குள்ள 20 டிகிரி ஏறும், அதே வேகத்துல இறங்கும். ஆனா ரேடியேட்டர்ல இருக்கற ஃபேன் ஆத்தறது சிப்ப இல்லயே, தண்ணிய. தண்ணிக்கு இந்த துள்ளல் எதுவுமே தெரியாது. ஒரு லிட்டர் தண்ணி ஒரு டிகிரி ஏறணும்னா சுமாரா 4,186 ஜூல் வேணும். என் சிபியு 150 வாட், ஜிபியு (கிராஃபிக்ஸ் கார்டு) 350 வாட், ரெண்டும் ஒரே நேரத்துல முழுசா வேல செஞ்சு 500 வாட் கொட்டினாலும், ரேடியேட்டர் சும்மா வேடிக்க பாக்குதுன்னே வச்சுக்கங்க, அப்பவும் ஒரு டிகிரி ஏற எட்டு செகண்டுக்கு மேல ஆகும். டேப் திறக்கற அரை செகண்ட் துள்ளலெல்லாம் அதுக்கு கொசுக்கடி கூட கிடையாது. அதனால வாட்டர் கூலிங்ல ஃபேன் கேக்க வேண்டியது தண்ணி பேச்ச, சிபியு பேச்ச இல்ல. இத யாராவது தண்ணி ஊத்தறதுக்கு முன்னாடி என் மண்டைல ஏத்தியிருந்தா லூப்ப ரெண்டாவது தடவ கழட்டி மாட்டற வேல மிச்சமாயிருக்கும்.

நடுவுல ஒரு ஹப்பும் வாங்கி பாத்தேன், பேர் வேணாம். ஒரே ஒரு பிடபிள்யூஎம் ஒயர் (ஃபேன் எவ்ளோ வேகமா ஓடணும்னு சொல்ற சிக்னல்) உள்ள போகும், பத்து ஃபேனுக்கு பிரிச்சு குடுக்கும், அவ்ளோ தான் அதோட அறிவு. ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தன சுத்து) முதல் போர்ட்ல இருக்கற ஃபேனோடது மட்டும் தான் மதர்போர்டுக்கு வரும், மத்ததெல்லாம் உயிரோட இருக்கா இல்லயான்னு தெரியாது. கீழ் ரேடியேட்டர்ல நடு ஃபேனோட கனெக்டர் லூசாகி அது நின்னே போயிருக்கு, எத்தன வாரமா நிக்குதுன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல, தூசி தட்ட கேஸ திறந்தப்ப தான் பாத்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், தண்ணி சூட்ட பாக்கணும், ஒவ்வொரு குரூப்போட ஆர்பிஎம்மும் தெரியணும், விண்டோஸ் செத்தாலும் ஃபேன் ஓடணும், இந்த மூணும் இல்லாத எதுவும் இனிமே கேஸுக்குள்ள வராதுன்னு.

அப்படி வந்தது தான் ஆக்வா கம்ப்யூட்டரோட ஆக்டோ. ஜெர்மனி கம்பெனி, வாட்டர் கூலிங் சாமான் மட்டுமே பண்றவங்க. எட்டு பிடபிள்யூஎம் ஃபேன் சேனல், சேனலுக்கு 25 வாட் வரைக்கும் தாங்கும், நாலு டெம்பரேச்சர் சென்சார் சொருகலாம், ஒரு ஃப்ளோ சென்சார் சொருகலாம், எல்இடிக்கும் அவுட்புட் இருக்கு (அத நான் தொடல). பவர் நேரா பிஎஸ்யுல (கம்ப்யூட்டரோட பவர் சப்ளை) இருந்து எடுக்கும், மதர்போர்டோட உறவு ஒரு யூஎஸ்பி ஒயர் மட்டும் தான், அதுவும் உள்ள இருக்கற 9 பின் யூஎஸ்பி 2 ஹெட்டர்ல (ஒயர் சொருக போர்டுல நிக்கற பின் வரிசை) போகும். அந்த ஹெட்டர் உங்க போர்டுல காலியா இருக்கான்னு ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பாருங்க, சின்ன போர்டுல பல சமயம் ஒண்ணே ஒண்ணு தான் இருக்கும், அதயும் கேஸோட முன்பக்க போர்ட் புடிச்சு வச்சிருக்கும்.

சேனலுக்கு 25 வாட்ங்கறது எவ்ளோன்னு புரியணும்னா, நாக்டுவா என்எஃப்-ஏ12எக்ஸ்25 ஃபேன் ஒண்ணு இழுக்கறது 0.14 ஆம்ப், அதாவது 1.68 வாட். மூணு ஃபேன ஒரு ஸ்ப்ளிட்டர்ல (ஒரு ஒயர பலதா பிரிக்கறது) போட்டாலும் அஞ்சு வாட் தான் வரும், சேனல் சும்மா தூங்கிட்டிருக்கும். மதர்போர்டு ஹெட்டர் பெரும்பாலும் 1 ஆம்ப் தான் தாங்கும், அதுல இதே ஃபேன் ஏழு போட்டா 0.98 ஆம்ப், விளிம்புல நிக்கும், கரண்ட் அதிகமா இழுக்கற ஃபேனா இருந்தா அதுக்கு முன்னாடியே தாண்டிடும். ஃபேன் அட்டைல எழுதியிருக்கற ஆம்ப்ப கூட்டி பாக்க ரெண்டு நிமிஷம் தான் ஆகும், அதுக்குக் கூட நாமெல்லாம் சோம்பேறி.

எட்டு சேனல் கைல கிடச்ச குஷில முதல்ல என்ன பண்ணேன்னா ஃபேனுக்கு ஒரு சேனல்னு ரேடியேட்டர் ஃபேன் ஆறையும் தனித்தனியா மாட்டினேன். ஒவ்வொண்ணோட ஆர்பிஎம்மும் தனியா தெரியுது, ராஜா மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது நாள் ராத்திரி ரூம் அமைதியானப்புறம் "வோம்... வோம்... வோம்"னு ஒரு சத்தம், ஏறி இறங்கி வருது. பம்ப் போயிடுச்சோன்னு பயந்து கைய வச்சு பாத்தா பம்ப் நல்லா இருக்கு. அப்புறம் தான் விளங்குச்சு, பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு ஃபேன் 800லயும் 810லயும் ஓடினா ரெண்டு சத்தமும் ஒண்ணோட ஒண்ணு மோதி இந்த மாதிரி அலை அடிக்கும். ஒரே சேனல், ஒரே பிடபிள்யூஎம் குடுத்தாலும் ஃபேனுக்கு ஃபேன் பத்து இருபது ஆர்பிஎம் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், அதனால ஸ்ப்ளிட்டர் போட்டாலும் இது முழுசா போகாது. எனக்கு சரியானது மேல் ரேடியேட்டர் மூணையும் ஒரு சேனல், கீழ மூணையும் ஒரு சேனல்னு பிரிச்சு, கீழத கொஞ்சம் நல்லாவே கம்மி ஸ்பீடுல விட்டப்ப. வித்தியாசம் ஒரு அளவுக்கு மேல போனா காது அத தனியா புடிச்சு எரிச்சல் படறதில்ல. நாக்டுவாவே புது ஃபேன்கள்ல சிலத ஸ்பீட் கொஞ்சம் தள்ளி வச்சு ஜோடியா விக்கறாங்க, அதுவும் இதே தலவலிக்காக தான்.

ஸ்ப்ளிட்டர் போடும்போது ஒரு விஷயம், ஒரே ஒரு ஃபேனோட ஆர்பிஎம் ஒயர் மட்டும் தான் போகணும், நல்ல ஸ்ப்ளிட்டர்ல மத்த கால்ல அந்த பின்னே இருக்காது. எல்லா ஃபேனோட ஆர்பிஎம் ஒயரும் உள்ள போனா ஒரு சுத்துக்கு ரெண்டு பல்ஸ்ங்கற கணக்கு குழம்பி ஆர்பிஎம் 3,000, 900, 0ன்னு வாய்க்கு வந்தத சொல்லும். அப்புறம், இந்த கன்ட்ரோலர் பிடபிள்யூஎம் மட்டும் தான், வோல்ட்டேஜ குறைச்சு ஓட்டாது. பழைய மூணு பின் ஃபேன் வச்சிருந்தா அது எப்பவும் முழு வேகத்துல தான் ஓடும், அதுக்கு வேற கன்ட்ரோலர் பாருங்க.

இப்ப சென்சார். இது தான் மொத்த விளையாட்டே. ஜி கால் இஞ்ச் த்ரெட்ல (வாட்டர் கூலிங்ல வழக்கமான மரை அளவு) ஒரு பிளக் மாதிரி வரும், உள்ள 10கே (10 கிலோ ஓம்) தெர்மிஸ்டர், ரிசர்வாயர்லயோ (தண்ணி தொட்டி) ரேடியேட்டர்ல காலியா இருக்கற போர்ட்லயோ திருகிடலாம். எங்க வைக்கறதுன்னு நிறைய பேர் மண்டைய உடச்சுக்கறாங்க, நானும் உடச்சேன். கணக்கு போட்டா அவ்ளோ கவலப்பட ஒண்ணும் இல்ல. நிமிஷத்துக்கு 3 லிட்டர் ஓடற லூப்ல 500 வாட் ஏத்தினாலும் லூப்போட ரொம்ப சூடான இடத்துக்கும் ரொம்ப குளிர்ந்த இடத்துக்கும் வித்தியாசம் ரெண்டரை டிகிரிக்கு உள்ள தான். அதுவே நிமிஷத்துக்கு 1 லிட்டர்னு தவழ்ந்தா ஏழு டிகிரிக்கு மேல போயிடும், அப்ப இடம் முக்கியம். நான் ஜிபியு தாண்டி ரேடியேட்டருக்குள்ள போற வழில ஒண்ணு வச்சேன், அது தான் சூடான பக்கம், ஃபேன் அத பாத்து ஓடட்டும்னு. இன்னொரு சென்சார் ஒயர் மட்டும் இருக்கறது, அத கேஸுக்கு வெளிய காத்து உள்ள போற இடத்துல ஒட்டி வச்சேன், ரூம் சூட்டுக்கு.

அந்த ரெண்டாவது சென்சார தயவு செஞ்சு மிச்சம் புடிக்காதீங்க. ரேடியேட்டர் எவ்ளோ பெருசா இருந்தாலும் தண்ணிய ரூம் சூட்டுக்கு கீழ கொண்டு போக முடியாது. முதல்ல நான் போட்ட கர்வ் 30 டிகிரி வரைக்கும் மெதுவா, 40ல அறுபது சதவீதம், 45ல முழுசு. குளிரான நாள்ல அருமையா இருந்துச்சு. வெயில் காலம் வந்து ரூமே 34 ஆனப்ப மிஷின் சும்மா இருக்கும்போதே தண்ணி 37, ஃபேன் பாதி வேகத்துல கத்திக்கிட்டே இருக்கு, ஆனா அதால ஒரு டிகிரி கூட பெருசா குறையல, குறையவும் முடியாது. இருக்கறதே மூணு டிகிரி வித்தியாசம் தானே. ஃபேனுக்கு உண்மையா தெரிய வேண்டியது தண்ணி மைனஸ் ரூம், இந்த டெல்டா தான். டெல்டா 4 வரைக்கும் ஃபேன் முனகினா போதும், 10ங்கறது லோடுல நல்ல நம்பர், 15 ஆச்சுன்னா ஓடு ராஜா ஓடு. இப்படி மாத்தினதுக்கப்புறம் வெயிலோ குளிரோ சத்தம் ஒரே மாதிரி இருக்கு. டெல்டாவ ஆக்வாசூட்ல (இந்த கம்பெனியோட சாஃப்ட்வேர்) வர்ச்சுவல் சென்சாரா கணக்கு போட்டு கன்ட்ரோலருக்கு அனுப்பிக்கலாம், நான் அப்படித்தான் பண்ணியிருக்கேன்.

ஆனா இங்க ஒரு கண்ணி இருக்கு. நேரா ஒயர்ல சொருகின சென்சார கன்ட்ரோலர் தானே படிக்கும், கர்வும் அதுக்குள்ளயே சேவ் ஆகியிருக்கும், விண்டோஸ் நீல ஸ்க்ரீன் காட்டி உறைஞ்சாலும் ஃபேன் தண்ணிய பாத்து ஓடிக்கிட்டே இருக்கும், நான் இந்த பொட்டிய வாங்கினதே அதுக்காக தான். சாஃப்ட்வேர்ல கணக்கு போட்டு அனுப்பற எதுவும் அப்படி இல்ல, அனுப்பற ஆள் செத்தா நம்பரும் செத்துச்சு. அதனால என் ஏற்பாடு என்னன்னா மேல் ரேடியேட்டர் டெல்டாவ பாக்கும், கீழ் ரேடியேட்டர் வெறும் தண்ணி சூட்ட மட்டும் பாக்கும். சாஃப்ட்வேர் போனாலும் கீழ இருக்கற மூணு ஃபேன் காவலுக்கு நிக்கும். எல்லாத்தையும் ஒரே கயித்துல கட்டக்கூடாது பாருங்க.

செட் பாயின்ட் மோடும் இருக்கு, "தண்ணி 38ல நிக்கணும், எப்படியோ நிறுத்து"ன்னு சொல்லிட்டா அதுவே ஃபேன ஏத்தி இறக்கும். கேக்க நல்லா இருக்கு, நானும் ஒரு வாரம் வச்சிருந்தேன். தண்ணி மெதுவா தான் பதில் சொல்லும், நான் குடுத்த செட்டிங் அவசரக்காரனா இருந்துச்சு, அதனால ஃபேன் ஏறும், தண்ணி 37 ஆகும், ஃபேன் விழும், தண்ணி 39 ஆகும், திரும்ப ஏறும், ஊஞ்சல் ஆட்டம். பொறுமையா ட்யூன் பண்றவங்களுக்கு சரிப்படும், எனக்கு நாலு புள்ளி வச்ச கர்வே போதும்னு திரும்பிட்டேன். குறைஞ்சபட்ச பவர் எவ்ளோ, நின்ன ஃபேன் கிளம்பும்போது ஒரு தள்ளு குடுக்கணுமா, ஒரு ஃபேன் இன்னொரு ஃபேன பாத்து ஓடணுமா, இதெல்லாம் சேனலுக்கு சேனல் தனியா வச்சுக்கலாம், இந்த விஷயத்துல குறை சொல்ல எதுவும் இல்ல. சாஃப்ட்வேர்ல பக்கம் பக்கமா மெனு இருக்கு, தோண்டி பாக்கற ஆளுக்கு கொண்டாட்டம், ரெண்டு கிளிக்ல முடியணும்னு நினைக்கறவங்களுக்கு முதல் சாயங்காலம் போயிடும்.

பம்ப் பத்தி ரெண்டு வார்த்த. என்னது டி5 பிடபிள்யூஎம், வாட்டர் கூலிங்ல பரவலா போடற ஒரு பம்ப் வகை. கரண்ட் தனியா பிஎஸ்யுல இருந்து எடுத்துக்கும், ஃபேன் ஹெட்டருக்கு வர்றது ரெண்டு ஒயர் மட்டும் தான், ஸ்பீட் சொல்ற ஒயர், ஆர்பிஎம் ஒயர். ஃபேனுக்கு பிடபிள்யூஎம் சிக்னல் வரலன்னா முழு வேகத்துல ஓடணும்ங்கறது இன்டெல் போட்ட நாலு பின் விதி, ஆனா டி5ல எல்லா மாடலும் அத மதிக்கறதில்ல, சிலது சிக்னல் இல்லன்னா நடு வேகத்துல போய் உக்காந்துக்கும். அது தப்பில்ல, ஓடினா சரி, தெரிஞ்சு வச்சுக்கங்க. பம்ப்புக்கு கர்வெல்லாம் போட்டு ஆட்ட வேண்டாம்ங்கறது என் கருத்து. சத்தம் வராத ஒரு வேகம் பாத்து நிலையா விட்டுடுங்க, ஃப்ளோ ஒரு அளவ தாண்டினா பம்ப் சத்தம் தான் ஏறும், சூடு குறையறது கண்ணுக்கே தெரியாது. சூடான தண்ணிக்கு 60 டிகிரி தான் டி5க்கு எல்லை, பெட்ஜி (ஒரு வகை கெட்டி பிளாஸ்டிக்) குழாயும் அந்த பக்கம் போனா இளக ஆரம்பிக்கும், அதனால 50ல அலாரம் கத்தற மாதிரி வச்சிருக்கேன்.

பம்போட ஆர்பிஎம் ஒயர கன்ட்ரோலர்ல சொருகாம மதர்போர்டோட சிபியு ஃபேன் ஹெட்டர்ல சொருகினேன், இது நானா கண்டுபுடிச்சதில்ல, கட்டாயத்துல வந்தது. எல்லா ஃபேனையும் கன்ட்ரோலருக்கு மாத்திட்டு ஆன் பண்ணா "சிபியு ஃபேன் எரர்"னு கருப்பு ஸ்க்ரீன்ல நின்னுடுச்சு, போர்டுக்கு ஒரு ஃபேனும் கண்ணுக்கு தெரியல பாவம். பயாஸ்ல அந்த செக்க அணைச்சுடலாம், நிறைய பேர் அத தான் பண்றாங்க. ஆனா பம்ப் ஒயர அங்க குடுத்துட்டா பம்ப் செத்திருந்தா மிஷின் பூட்டே ஆகாது, சும்மா கிடச்ச காவல்காரன் அது.

மாட்டி முடிச்சதும் ஒரு சோதன கட்டாயம் பண்ணுங்க, ஓடிக்கிட்டிருக்கும்போது சென்சார் ஒயர புடுங்கி பாருங்க. இந்த தெர்மிஸ்டர் சூடாக சூடாக ரெசிஸ்டன்ஸ் குறையற ஜாதி. ஒயர் அறுந்தா ரெசிஸ்டன்ஸ் எக்கச்சக்கமா ஏறும், அத புத்தியில்லாத ஒரு சர்க்யூட் "ஆஹா, தண்ணி ஐஸ் மாதிரி இருக்கு"ன்னு எடுத்துக்கிட்டு ஃபேன நிறுத்திடலாம். உங்க கன்ட்ரோலரோ மதர்போர்டோ அந்த நேரத்துல என்ன பண்ணுதுங்கறத நீங்களே கண்ணால பாத்துடறது நல்லது, மூணு மணி நேர ரெண்டர் நடுவுல தெரிஞ்சுக்கறத விட.

ஆக்வாசூட் விண்டோஸுக்கு மட்டும் தான் வருது, புது வெர்ஷனுக்கான அப்டேட்டும் ஒரு காலத்துக்கு தான், அதுக்கப்புறம் நீட்டிக்கணும். நான் பாதி நேரம் லினக்ஸ்ல இருக்கற ஆள், இத வாங்கறதுக்கு முன்னாடி யோசிச்சேன். லினக்ஸ் கெர்னலுக்குள்ளயே இதுக்கு டிரைவர் இருக்கு, சென்சார் நம்பர், ஆர்பிஎம் எல்லாம் வந்துடுது. கர்வ் பொட்டிக்குள்ளயே இருக்கறதால எந்த ஓஎஸ்ல பூட் பண்ணாலும் அதுபாட்டுக்கு வேல நடக்குது, விண்டோஸ் பக்கம் நான் போறதே கர்வ மாத்தணும்னு கை அரிக்கும்போது தான்.

சரி, எல்லாருக்கும் இது வேணுமான்னா, வேணாம். உங்க மதர்போர்டுல ரெண்டு பின் டெம்பரேச்சர் சென்சார் ஹெட்டர் இருந்து, பயாஸ்ல கேஸ் ஃபேனுக்கு அந்த சென்சார தேர்ந்தெடுக்க விட்டா, அந்த பிளக் சென்சார் ஒண்ணு மட்டும் வாங்கி திருகினா வேல முடிஞ்சுது, எந்த பொட்டியும் வேணாம். சில போர்டுல சிபியு ஃபேன் ஹெட்டர் மட்டும் சிபியுவ தவிர வேற எதயும் பாக்க மாட்டேன்னு அடம் புடிக்கும், ரேடியேட்டர் ஃபேன அதுல போடாதீங்க. விண்டோஸ்ல மட்டும் இருக்கறவங்களுக்கு ஃபேன் கன்ட்ரோல்னே ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ரெண்டு சென்சார கலந்து பெருச எடுத்துக்கறது, சராசரி போடறது எல்லாம் பண்ணும், நல்ல சாமான். ஆனா அது ஓஎஸ்க்குள்ள ஓடற ஆள், ஓஎஸ் உறைஞ்சா அதுவும் உறைஞ்சுது.

பொட்டி தான் வேணும்னா, பேப்பர் எடுத்து எழுதுங்க. மேல் ரேடியேட்டர் ஒண்ணு, கீழ் ரேடியேட்டர் ஒண்ணு, பின்னாடி காத்து வெளிய தள்ற ஃபேன் ஒண்ணு, பம்ப் ஒண்ணு. எத்தன ஆச்சு? நாலு. இதே கம்பெனிக்கு குவாட்ரோன்னு ஒண்ணு இருக்கு, நாலு சேனல், அதுக்கும் சேனலுக்கு 25 வாட், அதுக்கும் நாலு சென்சார், ஒரு ஃப்ளோ சென்சார், அதே சாஃப்ட்வேர். எனக்கு அது அளவெடுத்து தச்ச மாதிரி இருந்திருக்கும். நான் ஃபேன எண்ணி வாங்கினேன், குரூப்ப எண்ணல. இப்ப என் ஆக்டோல நாலு போர்ட் ஈ ஓட்டிக்கிட்டிருக்கு, அத நியாயப்படுத்த இன்னொரு ரேடியேட்டர் வாங்கலாமான்னு போன வாரம் கேஸ அளந்து பாத்தேன், நல்ல வேள, இடம் இல்ல.